ஐம்பத்திரண்டு மார்க்

ஒரே கேள்வி, ஒரே நொடியில், பக்கத்துப் பக்கத்து இரண்டு போன்களில் வந்து விழுந்தது.

யுனிவர்சிட்டிப் படிப்பு ஏ-லெவலை விடக் கஷ்டமா?

"கஷ்டம்தாங்க," என்றாள் இமொஜன். "நீங்க நினைக்கிறதை விட ரொம்ப."

"அட, அதைவிட ஈஸி," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன், தன் போனில். "ஏ-லெவலையே தாண்டிட்டீங்க. இதுக்கு மேல என்ன இருக்கு?"

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். பார்வை முட்டிக்கொண்டது.

அழகான கண்கள் என்று சொல்ல முடியாது. தூக்கம் போதாத, சாம்பல் நிறக் கண்கள். ஆனால் ஒன்றைப் பார்த்தால் அதை விட்டு விலகத் தெரியாத கண்கள்... இமொஜன்தான் முதலில் குனிந்தாள்.

ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஏ-லெவல் என்கிற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வந்திருந்தன. கேட்ட இடம் கிடைத்தவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மார்க் குறைந்தவர்கள் காலியாக இருக்கும் இடங்களைத் தேடி ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் போன்களை எடுக்கத்தான் இந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அரங்கில் நாற்பது மேசைகள், நாற்பது ஊதா டி-ஷர்ட்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. அழுகிற பிள்ளைகளின் குரலைக் கேட்க, காதுக் கருவியை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்னங்க, வர்ற பிள்ளைங்களைப் பயமுறுத்தி விரட்டறீங்களா?" என்றான் அவன், அடுத்த போன் வருவதற்குள். "மோரீன் காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் மழையில நிக்க வெச்சுடுவாங்க." மோரீன் மேற்பார்வையாளர். கையில் ஒரு பலகையோடு சுற்றிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எழுதித் தூக்கிக் காட்டுவது அவள் வேலை.

"பொய் சொல்லிக் கூப்பிடறதுக்கு இது தேவலை."

"நான் சொன்னது பொய்யா? ஏ-லெவல்ல எனக்கு என்ன தெரியுமா? சி, சி, டி. ரெண்டு வருஷம் அழுது புரண்டு வாங்கினது. இதே போன்ல கெஞ்சித்தான் இங்க சேர்ந்தேன். இப்ப அறுபத்தி நாலு வாங்கறேன். எது கஷ்டம், சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்கு ரெண்டு ஏ ஸ்டார், ஒரு ஏ."

அவன் மெல்ல விசிலடித்தான். "அப்போ உங்களுக்கு இதெல்லாம் தூசியா இருக்கணுமே. எந்த வருஷம்?"

ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள் நான் என்று சொல்லியிருக்கலாம். மாணவர்களும் ஏஜென்சி ஆட்களும் ஒரே டி-ஷர்ட் போட்டிருந்ததில் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் அந்தக் கண்களால் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு மரியாதை இருந்தது. யாரும் அவளை அப்படிப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மூணாவது," என்றாள்.

அவன் பெயர் டெக்லன். லிவர்பூல்காரன். புவியியல் படிக்கிறான். மேட்டுநிலத்துச் சதுப்பில் மழைநீர் எவ்வளவு நாள் தங்குகிறது என்று அளப்பதுதான் அவனுடைய ஆய்வு. படிப்பில் ஒரு வருடம் வெளியே வேலை பார்க்க வேண்டும் என்று விதி. வடக்கே தூரத்து அபர்டீனில் கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலை ரயில். இங்கே வெள்ளி வரைக்கும்தான் வேலை. இதையெல்லாம் மதியம் சாசேஜ் ரோலைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டியபடி சொன்னான். மாலையில் டிராம் நிறுத்தத்தில், ஒழுகும் கூரைக்குக் கீழே, தோள் உரசாமல் உரசி நின்றபோது 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"சதுப்புல போய் என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"ஒரு குழாயைச் சொருகிட்டு உட்கார்ந்திருப்பேன். மழை வரும். நனைவேன். நோட்ல எழுதுவேன்."

"இதுக்கு அறுபத்தி நாலா?"

"நல்லா நனைஞ்சா எழுபது."

சிரித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்ததில் சிரிப்பு நின்றுபோனது.

"உன் கடைசி வருஷக் கட்டுரை எதைப் பத்தி?" என்றான்.

அதற்கும் ஒரு பொய். பிறகு பேராசிரியர் எப்படி என்றான். அதற்கும் ஒன்று... டிராம் வந்தது. அவன் ஏறிக் கண்ணாடி வழியே கையசைத்தான். அவன் போன பிறகும் அவள் அடுத்த டிராமில் ஏறவில்லை.

உண்மை ரொம்பச் சின்னது. இரண்டு வரியில் அடங்கிவிடும்.

பள்ளியில் எந்த வாக்கியத்துக்கு எந்த மார்க் என்று ஆசிரியை பட்டியலே அச்சடித்துத் தருவாள். இமொஜன் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தாள். தொண்ணூறுக்குக் கீழே அவள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பிறகு தெற்கே பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம். இதையெல்லாம் படி, நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது என்றார்கள். தான் என்ன நினைக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையோ எழுதினாள். ஐம்பத்திரண்டு.

அங்கே நாற்பது எடுத்தால் பாஸ், எழுபது எடுத்தால் முதல் வகுப்பு, முதல் வருட மார்க் எதிலும் சேராது... எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? காகிதத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆசிரியரைப் போய்ப் பார்க்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. பிப்ரவரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். அதற்குப் பிறகு பார்சல் கிடங்கு, பல் மருத்துவர் வரவேற்பறை, இப்போது இந்தப் போன்.

சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கண்களில் இருக்கும் மரியாதை போய்விடும். போகட்டும் என்றால், அதற்குப் பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கிடங்கிலிருந்து அத்தை வரை எல்லோர் கண்ணிலும் பார்த்ததுதான். ஐயோ பாவம்.

இன்னும் ஒரு நாள்தானே. அவன் போய்விடுவான். எதையும் சொல்லாமலே இருந்துவிட்டால், அபர்டீனில் ஒருத்தனுடைய நினைவிலாவது அவள் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. மதியம் மூன்று மணிக்கு டெக்லன் தன் போனின் ஒலியை அடைத்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"எடித்னு ஒரு பொண்ணு. ரெண்டு ஏ ஸ்டார், ஒரு ஏ, அப்படியே உன்னை மாதிரி. இடமெல்லாம் கிடைச்சாச்சு. ஆனா வரவே பயமா இருக்காம். என் பக்கத்துலயே ஒருத்தங்க இருக்காங்க, பிரமாதமா படிக்கிறாங்க, அவங்ககிட்ட பேசுன்னு சொல்லிட்டேன். மாத்தி விடறேன்."

"டெக்லன், வேணாம்—"

மாற்றிவிட்டான்.

"ஹலோ?" மெல்லிய குரல். "எல்லாரும் உனக்கென்ன, நீ கெட்டிக்காரின்னு சொல்றாங்க. அதைக் கேட்டாத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. அங்க நிஜமாவே கஷ்டமா?"

பக்கத்தில் டெக்லன் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தான். இமொஜனுக்குப் பதில் தயாராக இருந்தது, நேற்றே செய்து வைத்த பொய். வாயைத் திறந்தாள். அந்தக் குரல் பழைய அவளுடைய குரல் மாதிரியே இருந்ததால் பொய் வரவில்லை.

"எடித், நான் இங்க படிக்கலை," என்றாள். "எங்கயும் படிக்கலை. உன் மார்க்தான் எனக்கும். முதல் கட்டுரைக்கு ஐம்பத்திரண்டு போட்டாங்க. யார்கிட்டயும் காட்டலை. ஆறு வாரம் ரூமுக்குள்ளயே கிடந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

பக்கத்து நாற்காலியில் டெக்லனின் புன்னகை மறைந்தது.

"அப்போ... ரொம்பக் கஷ்டம்தானே?"

"பாடம் கஷ்டமில்ல. ஸ்கூல்ல நீ ஒரு நாள் வரலைன்னா வீட்டுக்குப் போன் போடுவாங்க. அங்க நீயாப் போய்க் கதவைத் தட்டணும். எனக்குத் தட்டத் தெரியலை. நீ வா. ஐம்பத்திரண்டு வாங்கு. வாங்கின அன்னிக்கே யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டு. மறுநாள்னு தள்ளிப்போட்டா காட்ட மாட்டே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். டெக்லன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் போன் ஒலித்தது. மகனுக்கு இடம் கேட்டு யாரோ ஒரு தகப்பன் அதில் கத்த ஆரம்பித்தார்.

அந்தக் கண்களில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு மோரீனிடம் போய் அரங்கின் மறுகோடியில் ஒரு மேசை கேட்டு வாங்கினாள். ஐந்து மணிக்கு அவன் பெரிய வாசலில் நின்றான். நனைந்துகொண்டே நின்றான். அவள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டாள். டிராமில், படுக்கையில், விடிந்த பிறகும் சொல்லிக்கொண்டாள். நல்லதாக இருந்தால் ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது...

சனிக்கிழமை அவன் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். பதினொரு மணிக்கு அவளுக்கு இருபதாவது போன்.

"சேர்க்கைப் பிரிவு, நான் இமொஜன். உங்க பேரு?"

"அப்பாடா. டெக்லன்."

விசைப்பலகைமேல் விரல்கள் நின்றன.

"இது ஒன்பதாவது தடவை. யாருக்குப் போகுதுன்னு தெரியாம சும்மா போட்டுக்கிட்டே இருக்கேன். எடுத்தவங்கள்ல ரேமண்ட்னு ஒருத்தன் என்னை வேதியியல்ல சேர்த்துவிடப் பார்த்தான். ஒரு அம்மா, ஏன்டா கண்ணு குரல் நடுங்குது, போய் டீ குடின்னாங்க."

"இந்தப் பேச்சு பதிவாகுது, தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் இதுல பேசறேன். நாளைக்கு நானே மாத்திச் சொல்ல முடியாது." மூச்சு வாங்கினான். "நேத்து ஏன் ஓடின?"

"உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை."

"என் மூஞ்சியில என்ன இருந்துச்சு?"

"பரிதாபம்."

"லூசு. அது கோபம். பொய் சொன்னதுக்கு இல்ல. ரெண்டு நாள் என்கூட மழை, சேறுன்னு எல்லாம் பேசின. இதை மட்டும் முகமே தெரியாத ஒருத்திகிட்ட சொன்ன. பக்கத்துல நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

அவள் காதுக் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"என் முதல் கட்டுரைக்கு எவ்வளவு தெரியுமா? நாற்பத்தொண்ணு. எங்கம்மா அதைத் தெருவுல எல்லார்கிட்டயும் காட்டினாங்க, பையன் பாஸ்னு. உனக்குக் கஷ்டமா இருந்தது யுனிவர்சிட்டி இல்ல, இமொஜன். தோத்துப் பழக்கமில்ல உனக்கு. நான் அதை ஏ-லெவல்லயே படிச்சு முடிச்சுட்டேன். அதான் இங்க ஈஸியா இருக்கு."

கூரையில் மழை. தூரத்தில் மோரீன் பலகையைத் தூக்கினாள். முப்பத்தொரு பேர் காத்திருப்பு.

"நாளைக்குப் பத்தரைக்கு ரயில்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "போனா ஒரு வருஷம். அதுக்குள்ள சொல்லிடணும்னு... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணை இல்ல, அவளை எனக்குத் தெரியாது. நேத்து மூணு மணிக்கு எடித்கிட்ட பேசினாளே, அவளை."

இதற்கு என்ன பதில் சொன்னால் சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. அழகாக ஒன்று தேடினாள். கிடைக்கவில்லை. மோரீன் அவள் மேசையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"போயிடாதே," என்றாள். "லைன்ல இரு. எனக்கு யோசிச்சுப் பேச வரலை. நேத்து நீ வாசல்ல நனைஞ்சதை நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் போனேன். டிராம்ல உட்கார்ந்ததும் இறங்கி ஓடிவரணும் போல இருந்துச்சு, வரலை. நான் அப்படித்தான், எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு வந்துடுவேன்."

"சரி."

"திரும்பப் படிப்பேனான்னு எனக்கே தெரியாது. நீ அபர்டீனுக்குப் போறது எனக்குப் பிடிக்கலை. ஆனா போகணும், போ."

"ம்."

மோரீன் வந்து நின்றாள். பலகையைக் காட்டினாள். பிறகு இமொஜனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பலகையைத் தாழ்த்தினாள்.

"உன்னைப் பிடிச்சிருக்கு, டெக்லன்," என்றாள் இமொஜன், அரங்கமே கேட்கும்படி. "ரொம்ப. ரெண்டு நாளா. இதை நான் கட்டிலுக்கடியில ஒளிச்சு வெக்கப் போறதில்ல."