எலுமிச்சை பிழிந்த கை

"பிரஷ்ஷக் குடுங்க."

"குடுக்க மாட்டேன். மாங்கா தின்ன வாய..."

"என்னோட பிரஷ்ஷுங்க அது."

"...உடனே தேய்க்கக் கூடாதுன்னு சொல்றேன்ல? பல்லு உங்களோடதுதானே, இல்ல வாடகைக்கு எடுத்ததா?"

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அந்த வணிக வளாகத்தின் கைகழுவும் தொட்டி வரிசையில், நுரை வழியும் வாயோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிட்டுப் பல் தேய்க்காமல் வேலைக்குத் திரும்புவது மெடலின் நகரத்தில் கசங்கின சட்டையோடு போவது மாதிரி.

பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்திருந்த மரிசெல்லுக்கு அலுத்துவிட்டது. பல் மருத்துவத்தில் கடைசி வருஷம். கல்லூரி அங்கே போட்ட இலவச முகாமில் காலையிலிருந்து இளவட்டங்களின் வாயைப் பார்த்தபடி இருக்கிறாள். பாதிக்கு மேல் தேய்ந்த பல். ஒருத்தனுக்குக் கோலா... ஒருத்திக்குத் தூக்கத்தில் நறநறப்பு... இன்னொருத்தனுக்கு நெஞ்செரிச்சல். இப்போது இவன். லிப்ட் ரிப்பேர் கம்பெனிச் சட்டை, உதட்டோரம் உப்பு.

"புளிப்பு பட்டா எனாமல் இளகி நிக்கும். அப்பப் போய்த் தேய்ச்சா வழிச்சு எடுக்கிற மாதிரி. அரை மணி நேரம் பொறுக்கணும்."

"அதுவரைக்கும் நாறிக்கிட்டு நிக்கவா?"

"கொப்புளிங்க. கொப்புளிச்சுட்டு வந்து என் நாற்காலில உக்காருங்க."

அவன் திரும்பினான். அவள் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களையே பார்த்தான். மழைக்கு முன்னால் மலை இருளுமே, அந்தக் கருப்பு... எங்கேயோ பார்த்த கருப்பு. கொப்புளித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"பேரு?"

"ஆர்லே. இருபத்தாறு வயசு."

"பல்லுக்கு அறுபது." முன்பற்களின் ஓரம் கண்ணாடித் துண்டு போல மெலிந்திருந்தது. "கோலா குடிப்பீங்களா?"

"இல்ல."

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"

"தனியாத் தூங்குறவன். யாரக் கேட்டுச் சொல்றது?"

பக்கத்து நாற்காலியில் நின்ற வகுப்புத் தோழி ஜிமேனா சிரித்தாள். மரிசெல் சிரிக்கவில்லை.

"மாங்கா?"

"தினமும்."

"எலுமிச்சையோடயா?"

"எலுமிச்சையே அதிகம். பிழியிற பொண்ணு தலையே நிமிராது. போதும்னாலும் காதுல விழாது. இன்னிக்கு அது வரலை, அதான் அளவா இருந்துச்சு."

"எந்த வண்டி அது? அவங்களுக்கெல்லாம் அறிவே இருக்காதா?"

"ஆஸ்பத்திரி மெட்ரோ வாசல், ஃபாபியோலா அம்மா வண்டி. அம்மா நறுக்குவாங்க, தொப்பி போட்ட மக பிழியும்."

மரிசெல்லின் கை அப்படியே நின்றது. ஜிமேனாவின் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் துணிக்கடை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அந்த வண்டிய எனக்குத் தெரியாது."

"தெரியுமான்னு நான் கேக்கவே இல்லையே, டாக்டர்," என்றான் அவன் மெதுவாக. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எழுந்தான். "தெரியாதுன்னா சரி."

போய்விட்டான்.

தெரியாதாம்... விடிகாலையில் எழுந்து மாங்காய் மூட்டை தூக்குகிற அம்மாவைத் தெரியாதாம். அவன் முகம் வாடினது ஏன் இப்படிக் குத்துகிறது? யார் அவன்?

"யாருடி அது? தெரிஞ்ச ஆளா?" என்றாள் ஜிமேனா.

"அவர எனக்குத் தெரியாது. ஆனா அந்த வண்டி எங்க அம்மாவோடது. பிழியிறது நான்தான்."

"அப்ப அந்தத் துணிக்கடை?"

"அப்படி ஒரு கடையே இல்ல."

சொல்லிவிட்டு ஓடினாள்.

வாசலில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் ஒதுங்கி நின்றிருந்தான். முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே போய் நின்றாள். வெள்ளைக் கோட்டெல்லாம் சாரல்.

"நான்தான் அந்தப் பொண்ணு."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கொப்புளிங்கன்னு அதட்டினீங்களே, அப்பலேருந்து."

"தெரிஞ்சேதான் அறிவில்லைன்னு என்னைய நானே திட்டிக்கிற வரைக்கும் விட்டீங்களா?"

"நீங்க பேசி இன்னிக்குத்தாங்க கேக்குறேன். நடுவுல புகுந்து கெடுப்பாங்களா?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்தானா அது... கன்னம் ஏன் சுடுகிறது?

"வண்டிகிட்டயே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"உங்க கண்ணு எலுமிச்சையத் தாண்டி வந்ததே இல்ல. யார்கிட்டப் பேசுறது?"

"நல்லா இருக்கு நியாயம். பேச முடியலைன்னா பல்ல உருக்கிக்குவீங்களா? நானே பிழிஞ்சு பிழிஞ்சு ஒரு மனுஷன் பல்லக் கரைச்சிருக்கேன், இத நான் எங்க போய்ச் சொல்றது? மாங்கான்னா உயிராவே இருக்கட்டுமே... வாரத்துக்கு ஒரு நாள் தின்னா ஆகாதா?"

மழை கொஞ்சம் வலுத்தது. ஆர்லே உள்ளங்கையை நீட்டிச் சாரலைப் பிடித்தான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்குப் புளிப்பே பிடிக்காதுங்க."