வீட்டில் இருப்போர்: மூன்று

அந்த வரியில் முதலில் இடித்தது எண் அல்ல, காலம். மத்திய வங்கிகள் புள்ளிவிவரங்களை வருஷத்துக்கு ஒருமுறை வெளியிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும், ரொம்ப அவசரப்பட்டால் வாரத்துக்கு ஒருமுறை. சுபாஷ்ரீயின் லேப்டாப்பில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் ‘நிமிடத்துக்கு ஒருமுறை’ என்றது.

பெருநகர் என்கிற கிராமத்தில் வயலை ஒட்டிய கடைசி வீட்டில் உட்கார்ந்து அவள் பார்க்கும் வேலை விசித்திரமானதுதான். உலகத்து மத்திய வங்கிகளின் எண்களைத் தேடி எடுத்துத் தரும் கருவி ஒன்று. அதைப் பயன்படுத்துவது மனிதர்கள் அல்ல, தாமாகவே வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகள். ஏஜென்ட் கேட்கும், கருவி எண்ணைக் கொண்டுவந்து போடும். வங்கியின் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டு, ‘சரி’ என்று அழுத்துவது சுபாஷ்ரீ. அழுத்தும்வரை அந்த எண் ‘தற்காலிகம்’. அழுத்திவிட்டால் ‘இறுதி’. அதற்கப்புறம் கேட்கிற எல்லா ஏஜென்ட்டுக்கும் அதுதான் உண்மை.

இன்று வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, பின்னறைத் தூளியில் பதினோரு மாதக் குழந்தை எழில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுவதற்குள் முடித்துவிடலாமென்று, வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனத்தைத்தான் சுபாஷ்ரீயும் செய்தாள். நாற்பது வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றைக்கூடப் படிக்காமல், ஒரே ‘சரி’. படித்தது அதற்குப் பிறகுதான்.

‘பெருநகர், வயல்வெளித் தெரு, கடைசி வீடு. இப்போது வீட்டில் இருப்போர்: 3. இறுதி.’

கணவன் அசோக் ஷிப்டுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் குழந்தையும்தான். யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. டீம் லீடர் ஸ்ரீகாந்துக்குப் போன் போட்டாள்.

“ஸ்ரீகாந்த், எங்க வூட்டு அட்ரஸ் போட்டு ஒரு வரி கீது பாரு. மூணு பேர்னு சொல்லுது. இன்னா இது?”

“நாப்பதும் நீதானக்கா ஓகே பண்ணிக்கீற. அந்த ஒண்ணு மட்டும் என்னாண்ட தொறக்கவே மாட்டேங்குது, பேஜாரு. யார்னா வந்துக்கீறாங்களா வூட்டுக்கு?”

“யாரும் வரல. நானும் பாப்பாவும்தான் கீறோம்.”

“அப்ப தப்புன்னு மாத்திடுக்கா.”

‘தவறு’ என்று அழுத்தினாள். ‘மூலம்?’ என்று கேட்டது. எந்த எண்ணை மாற்றினாலும் மூலம் காட்ட வேண்டும், அது வேலையின் விதி. ‘நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று தட்டினாள். ‘மூலம் ஏற்கப்படவில்லை. சரிபார்த்தவர்: சுபாஷ்ரீ’ என்று பதில் வந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் சடசடப்புக்கு அடியில், மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து வரும் தவளைச் சத்தத்துக்கும் அடியில், இன்னொன்று கேட்பது போலிருந்தது. சமையலறையில் யாரோ ஈரக்காலைத் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்து, நின்று, மறுபடி ஒற்றுவது போல, அதனோடு நாள்பட்டு நீரில் ஊறிய வைக்கோலின் புளித்த வாடையும். எழுந்து போய்ப் பார்த்தாள். யாருமில்லை. கட்டிலுக்கடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், பீரோவைக்கூடத் திறந்தாள். பைத்தியக்காரி மாதிரி இருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது திரையில் வரிகள் கூடியிருந்தன.

2.51. மூன்று.

2.52. மூன்று.

2.53. மூன்று.

எல்லாம் இறுதி. எல்லாவற்றிலும் அவள் பெயர்.

வாடை இப்போது பின்னறையிலிருந்து வந்தது. அவள் ஓடினாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை புரள்கிறபோது ஆடும் சின்ன ஆட்டம் அல்ல. நீளமாக, நிதானமாக, நின்றுகொண்டு ஒருவர் ஆட்டுகிற ஆட்டம். எழில் உள்ளே அசையாமல் தூங்கினாள். எனக்கு எது வேண்டுமானாலும் ஆகட்டும், இவளை மட்டும் தொடக்கூடாது. குழந்தையை வாரி இடுப்பில் வைத்தாள். போனை எடுத்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்.

தெருவில் ஆளில்லை. கணுக்காலளவு சேறு. முந்தானையைக் குழந்தையின் தலையில் போட்டுக்கொண்டு, நாலு வீடு தள்ளிப் போய்ப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

2.58. வீட்டில் இருப்போர்: ஒன்று.

அப்பாடா என்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது. அவளும் குழந்தையும் வெளியே. அது உள்ளே. பூட்டு வெளியே. அசோக் வரட்டும், ஊரைக் கூட்டிக்கொள்ளலாம். அதுவரை அது உள்ளேயே கிடக்கட்டும்.

திரும்பிப் பார்த்தாள். பூட்டு அப்படியே தொங்கியது. கதவு அசையவில்லை.

போன் கையில் அதிர்ந்தது.

2.59. பூஜ்யம்.

மழைச் சத்தம். வேறொன்றுமில்லை. பிறகு அந்த வாடை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

எழில் கண் விழித்தாள். அழவில்லை. தூக்கச்சொல்லி யாரிடமோ நீட்டுவது போல இரண்டு கைகளையும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். சுபாஷ்ரீ பிடியை இறுக்கினாள். இறுக்க இறுக்க, இடுப்பிலிருந்த குழந்தையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.