பாதி சிவப்பு, பாதி நீலம்

"கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

மாடிப்படித் திருப்பத்தில் மோதிய வேகத்தில் இரண்டு பைகளும் கவிழ்ந்தன. பேனா ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம், ஒரே மாதிரிக் கறுப்பு அட்டை போட்ட பெரிய வேதாகமங்கள் இரண்டும் ஒரு பக்கம்.

"யாருக்கு, எனக்கா? நான் கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவ. உங்களுக்குத்தான் தெரியல!"

"அப்ப என் கண்ணையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க..."

பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது... மழையில் நனைந்த இமைகளுக்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி ஓடி வந்திருக்கிறான். அட, இந்தக் குரல்! நான்கு வாரமாக, வியாழன் மாலை வகுப்பில், அவள் முதுகுக்குப் பின்னால் கடைசி பெஞ்சிலிருந்து வரும் குரல் அல்லவா?

வேதாகமத்தை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், எப்படித் தொகுத்தார்கள் என்று சொல்லித்தரும் அறிமுக வகுப்பு அது. அவள் கேட்கப் பயந்து விழுங்கிய கேள்விகளையெல்லாம் அவன்தான் கூச்சமே இல்லாமல் கேட்பான். லிஃப்ட் மெக்கானிக்காம். எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதாம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேதாகமம் முழுவதும் கடவுளின் வாக்கு என்று பிரசங்கம் செய்யும் போதகரின் மகள் அவள். வியாழக்கிழமை கடையில் கூட்டம் அதிகம் என்று வீட்டில் புளுகிவிட்டுத்தான் வருகிறாள். தெரிந்தால் அப்பா திட்டமாட்டார்... வாடிப்போவார். நான் வளர்த்த பிள்ளையா இது என்று நினைப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

சிதறியதையெல்லாம் அவசரமாக அள்ளிக்கொண்டு ஓடினாள். பேருந்து முழுக்க அந்தக் கண்கள்தான் கூடவே வந்தன. ச்சீ, என்ன இது!

சனிக்கிழமை மதியம் வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. நோவாவின் வெள்ளக் கதையில் இரண்டு பழைய கதைகள் பின்னிக் கிடக்கின்றனவாம். ஒன்று 'கர்த்தர்' என்று சொல்லும், மற்றொன்று 'தேவன்' என்று சொல்லும். பக்கங்களை நகல் எடுத்து, முதலாவதற்கு நீலமும் இரண்டாவதற்குச் சிவப்பும் அடித்து வரச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தால்... முதல் பக்கத்தில் ஏதோ பழைய புத்தகக் கடையின் முத்திரை!

அவளுடைய வேதாகமம் பைண்டிங்குக்குப் போயிருந்தது. அப்பா சின்னதை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்ததால், அவர் பிரசங்கத்துக்கு வைத்திருக்கும் பெரியதைக் கேட்காமல் கொண்டுபோயிருந்தாள். சாயங்காலம் அப்பா வந்துவிடுவார். நாளை காலை ஆராதனை.

வகுப்பு அலுவலகத்தில் கெஞ்சி நம்பர் வாங்கிக் கூப்பிட்டதும், அரை மணியில் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றான். முகமெல்லாம் பெருமை.

"மாறினதே தெரியலங்க. வீட்டுப்பாடம்கூட முடிச்சிட்டேன்!"

ஆதியாகமத்தைப் புரட்டினாள். ஆறாம் அதிகாரத்திலிருந்து ஒன்பது வரை சிவப்பும் நீலமுமாக ஒரே களேபரம்.

"ஐயோ... நகல் எடுக்கத்தானே சொன்னாங்க!"

"போன வாரம் வாங்கின பழைய புக்குதானேன்னு நேரா அதுலயே அடிச்சேன். ஓரத்துல வேற நிறைய எழுதி இருந்துச்சு... முன்னாடி வெச்சிருந்தவர் கிறுக்குனதுன்னு..."

"கிறுக்கலா? இருபத்தஞ்சு வருஷமா எங்கப்பா எழுதினது!" சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவன் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அழாதீங்க. நான் வரேன். பஸ்ல மாறிடுச்சுன்னு சொல்றேன். வகுப்புப் பேச்சே எடுக்கமாட்டேன்" என்றான்.

சொன்னபடியே வந்தான். பயணக் களைப்போடு நாற்காலியில் இருந்த அப்பாவின் முன்னால் நின்று, "ஐயா, மன்னிச்சிடுங்க. பஸ்ல உங்க பொண்ணோட பை..." என்று ஆரம்பித்தான்.

யாரோ ஒருத்தன், தனக்காகப் பொய் சொல்லித் தலைகுனிந்து நிற்கிறான்... அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"பொய்ப்பா. அவர் சொல்றது பொய். நாங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்புல படிக்கிறோம். வேதாகமம் எப்படி உருவாச்சுன்னு... ஒரு மாசமா உங்ககிட்ட மறைச்சேன்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"காகம் சிவப்பு, புறா நீலம்... சரி. நூற்றைம்பது நாள் சிவப்பு, நாற்பது நாள் நீலம்... அதுவும் சரி." விரல் ஓரிடத்தில் நின்றது. "இது தப்பு, தம்பி. ஏழாம் அதிகாரம், பதினாறாம் வசனம். முழுசும் சிவப்படிச்சிருக்கீங்க. கட்டளை வரைக்கும்தான் சிவப்பு. கதவை அடைக்கிறது நீலம்."

இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"அப்பா... உங்களுக்குத் தெரியுமா?"

"இறையியல் கல்லூரியில இதையெல்லாம் படிக்காமலா வந்தேன்? இதே மாதிரி கலரும் அடிச்சேன். உனக்குத் தெரிஞ்சா உன் விசுவாசம் ஆடிப்போயிடுமோன்னு பயந்து, நான்தான் வாயே திறக்கல." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நீ எனக்குப் பயந்து ஒளிச்சிருக்க, நான் உனக்குப் பயந்து ஒளிச்சிருக்கேன். நல்ல குடும்பம்மா நம்ம குடும்பம்!"

அவர் சிரித்துவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் பொசுக்கென்று இறங்கியதில், அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அப்பாடா...

வாசல் வரை அவனை வழியனுப்ப வந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"எதுக்குங்க உண்மையச் சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிருப்பேனே" என்றான் அவன்.

"சமாளிச்சிருப்பீங்க. ஆனா அதுக்கப்புறம் உங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" அவனை நேராகப் பார்த்தாள். பரவாயில்லை... "இன்னைக்கு ஒரு உண்மையச் சொல்லிட்டேன், உயிரு ஒண்ணும் போயிடல. இன்னொண்ணும் சொல்லிடவா?"

"சொல்லுங்க..."

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழையில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"எனக்கும்தான்... சபைக்கே போகாதவன்னு உங்கப்பா என்ன சொல்வாரோன்னுதான்..." என்றான் மெதுவாக.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது! நனையாம உள்ள வந்து பேசுங்க!"