கடைசி ஒரு விரற்கடை

1998 மார்ச் 14, சனிக்கிழமை காலை பதினொரு மணி. ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது குறுக்குத் தெருவில், இறந்துபோன ரேடியோ மெக்கானிக் ஒருவரின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

பல் டாக்டர் உள்ளே நுழைந்ததும் நேராக இசைத்தட்டுப் பெட்டியிடம் போய் மண்டியிட்டார். வார நாட்களில் அவருக்குப் பல். மற்ற நாட்களில் ராக்கபில்லி. ஐம்பதுகளில் கிட்டாரைத் துள்ளவிட்ட அந்தப் பாட்டுகளின் வினைல் தட்டுக்காக எந்தப் பரணிலும் ஏறுவார்.

அட்டைகளில் எலிப்புழுக்கை வாடை. பதினேழாவது அட்டையில் கை நின்றது. லேபிளில் அச்சில்லை, பென்சில் எழுத்து மட்டும். வெளிவராமலே போன ஒரு பாட்டின் சோதனைப் பிரதி. இன்னொன்று இருப்பதாக எந்தச் சேகரிப்பாளரும் சொன்னதில்லை. ஆனால் லேபிளை ஒட்டிய கடைசி ஒரு விரற்கடை அகலத்துக்கு, ஊசி ஓடும் பள்ளங்களில் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல டாக்டர்," என்றாள் மெக்கானிக்கின் தங்கை. "உடைச்சுடலாம்னு எடுத்து வெச்சது."

"உடைக்கிறதா? கொலைபாதகம்க்கா!"

அவள் சிரிக்கவில்லை. "இதுல கிட்டார் வாசிச்சவன் பாதி ரெக்கார்டிங்ல கம்பியைக் கழட்டி, பேஸ் வாசிச்சவன் கழுத்துல போட்டு இறுக்கிட்டானாம். மைக்கை யாரும் அணைக்கல. முப்பது வருஷம் முன்னாடி, எங்க அண்ணி போனப்புறம்தான் அண்ணன் மெழுகு ஊத்தினான். அண்ணி வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னோம்."

இப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளாத அபூர்வத் தட்டை டாக்டர் பார்த்ததே இல்லை. மெழுகைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தட்டா? சமையல்கட்டுல இருக்கிறதைவிட உங்க அலமாரியிலதான் அதிகம். ஒருநாள் இதுலயே சோறு போடப்போறேன்."

"இது பொக்கிஷம்டி. உடைக்கப் போனாங்க, நான்தான் காப்பாத்தினேன்."

"போன வாரமும் பொக்கிஷம்தான் வந்துச்சு."

அன்று மாலை, பல் குடையும் ஊசியால் மெழுகை நுணுக்கி நுணுக்கி எடுத்தார். பிறகு மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கப் பூசினார். சேகரிப்பவர்கள் அழுக்கெடுக்கும் வழி அது. காய்ந்தபின் உரித்தால் பள்ளத்தில் இருப்பதெல்லாம் பசையோடு வந்துவிடும்.

ஞாயிறு காலை உரித்தார். வெயிலில் வெந்த தோல்போல் ஒரே துண்டாக வந்தது. கண்ணாடிபோல் தெளிந்த படலம். அந்த ஒரு விரற்கடை மட்டும் துருச் சிவப்பு. அதிலிருந்து வந்த வாடையை அவர் அறிவார். தினமும் நோயாளிகளின் வாயிலிருந்து வரும் ரத்த வாடைதான்.

தட்டை பிளேயரில் சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

கிட்டார் பாய்ந்தது. பின்னால், ஆளுயர பேஸ் வாத்தியத்தின் கம்பிகள் கட்டையில் அறைந்து தாளம் கொடுத்தன. டக், டக், டக். டாக்டரின் கால் தானாக ஆடியது. மெழுகு இருந்த இடத்துக்கு ஊசி வந்தபோது கிட்டார் நின்றது.

டக், டக், டக்.

அது பேஸ் இல்லை. யாரோ தரையில் குதிகாலால் உதைக்கும் சத்தம்.

ஊசியைத் தூக்கினார்.

சத்தம் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து வந்தது.

மனைவி தரையில் மல்லாந்து கிடந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு, கண்ணுக்குத் தெரியாத எதுவோ, சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் விரல்களை அடியில் நுழைத்தார். அது விரல்களையும் எலும்புவரை அறுத்தது. அவர் காதருகே யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

"உடைங்க," என்று அவள் உதடு அசைந்தது. "உடைங்க..."

ஓடினார். ரத்தக் கையால் தட்டை எடுத்து மேசை விளிம்பின் மேல் ஓங்கினார்.

உலகத்திலேயே ஒன்றுதான்.

கை இறங்கவில்லை. அடைத்தால் போதுமே என்று தோன்றியது. முப்பது வருஷம் அடைத்துத்தானே வைத்திருந்தார்கள்? இழுப்பறையைக் கவிழ்த்து மெழுகுவர்த்தியைத் தேடினார். முதல் தீக்குச்சி ரத்தத்தில் நமுத்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது பற்றியது. சொட்டுச் சொட்டாக, லேபிளில் படாமல், பள்ளத்தில் மட்டும் விழும்படி ஊற்றினார்.

உதைப்பு வேகமாகியது. பிறகு தளர்ந்தது.

மெழுகு இறுகுவதற்குள் நின்றுவிட்டது.

காயத்தின் ஆழம் முக்கால் அங்குலம், ஒரு விரற்கடை, என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. கம்பியோ கயிறோ வீட்டில் கிடைக்கவில்லை. டாக்டருக்கு மூன்று விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு ஆயுள் தண்டனை. இசைத்தட்டு முத்திரையிட்ட உறையில் நீதிமன்றச் சாட்சிப் பொருள் அறைக்குப் போனது. எட்டு மாதம் கழித்து அந்த அறையின் எழுத்தர் இடமாற்றம் கேட்டு மனு கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'மேற்படி உறைக்குள் குதிகாலால் உதைக்கும் சத்தம். மூன்று பேருடையது' என்று எழுதியிருந்தார்.

இடமாற்றம் வழங்கப்பட்டது.