நல்ல பக்கம்

அடையாள அட்டையில் அவருடைய சட்டைக்கு இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை வரப்போகும் புழுக்கத்தில், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய மருந்துச் சீட்டுகளை அவள் ஒழித்துக்கொண்டிருந்தபோது அது கையில் அகப்பட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் லிஃப்ட் கம்பெனி அவள் கணவருக்குக் கொடுத்த அட்டை. தீப்பெட்டி அளவுப் படம். அவர் லிஃப்ட் மெக்கானிக். சிவப்புப் பிடி போட்ட டெஸ்டர் ஒன்றை இடப்பக்கப் பாக்கெட்டில் செருகாமல் வாசலைத் தாண்டமாட்டார். படத்தில் இடப்பக்கம் அந்த டெஸ்டர் இருந்தது. வலப்பக்கமும் இருந்தது. அதே சிவப்பு, அதே சாய்வு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சேலைத் தலைப்பால் துடைத்தாள். அப்படித் துடைக்கக்கூடாது என்று கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருபவள் அவள். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு.

அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம்தான். மாட்டிக்கொண்டவளின் வெட்கம்.

நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் நூலகத்து மாடியில் நடக்கும் புகைப்பட வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். மகள்தான் சேர்த்துவிட்டாள். “வீட்டுக்குள்ளயே உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கியேம்மா. போய் அந்தச் சுவத்தையாவது போட்டோ எடு” என்றாள். அவர் போய் அப்போது ஆறு வாரம்.

வகுப்பில் ஆறு பேர். சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னப் பெண், எல்லோரையும் அக்கா, அண்ணா என்பாள். மூன்றாம் மாதம் சமச்சீர் வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமைகிற படம். “நடுவுல நில்லுங்க. நடுன்னா நடு. ஒரு விரல் நகந்தாலும் படம் காட்டிக்கொடுத்துடும்.” நூலகத்துப் படிக்கட்டு, இரண்டு வரிசை அலமாரிகளுக்கு நடுவிலுள்ள சந்து, கீழே வண்டிகள் நிறுத்துமிடத்துத் தூண்கள் என்று எல்லோரையும் நிற்கவைத்து எடுக்கச் சொன்னாள். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. கடையில் ஒவ்வொரு முகத்துக்கும் மூக்குத்தண்டிலிருந்து கருவிழிகளுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறிக்கிற கண் அவளுடையது. ஓய்வுபெற்ற போஸ்ட்மேனுக்கு மட்டும் எல்லாப் படமும் கோணலாகவே வந்தது.

“நான் என்ன பண்றது? முப்பது வருஷம் சைக்கிள்ல போனவன். சைக்கிள் எப்பவும் ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்கும்” என்றார் அவர்.

“சைக்கிள் சாயலாம் அண்ணே, நூலகமே சாஞ்சிருக்கே” என்று பக்கத்தில் நின்ற அவள் சொல்ல, வகுப்பே சிரித்தது. வெகு நாளைக்குப் பிறகு தானும் சிரித்தது அவளுக்கே தெரிந்தது.

அன்று கடைசியில் டீச்சர் கம்ப்யூட்டரில் ஒரு வித்தை காட்டினாள். படத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, மிச்சப் பாதியையே திருப்பி ஒட்டினால் போதும், அப்பழுக்கில்லாத சமச்சீர். “இது ஏமாத்து வேலை. எது எங்க பிசகுதுன்னு கண்ணுக்குப் பழக மட்டும்தான். வீட்டுப்பாடத்துல யாரும் இதைச் செஞ்சு கொண்டுவந்துடாதீங்க” என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் அதைச் செய்தாள்.

அவருக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. இருந்த நாலைந்தும் கூட்டத்துக்குள் தலை மட்டும் தெரிகிறவை. முகம் பெரிதாகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் முன்னேற்றம் பார்ப்பதற்காக, “எங்க, சிரிங்க சார்” என்று எடுத்து அவள் போனுக்கு அனுப்பியது. அப்போதும் இடப்பக்கப் பாக்கெட்டில் டெஸ்டரைச் செருகியிருந்தார். இடப்பக்க உதடு ஏறியிருந்தது. வலப்பக்கம் மெழுகு வழிந்த மாதிரி தொங்கியது. இடப்பக்கத்தை வீட்டில் எல்லோரும் ‘நல்ல பக்கம்’ என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

மூக்குத்தண்டின் நடுவில் கோட்டை வைத்தாள். கை நடுங்கவில்லை. அவருடைய வலது பாதியை நீக்கினாள். நல்ல பக்கம் புரண்டு வந்து நல்ல பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பத்து வயது குறைந்த, நேராகச் சிரிக்கிற, வாய் கோணாத மனிதர் ஒருவர் திரையிலிருந்து அவளைப் பார்த்தார். அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினாள்.

வகுப்பில் அதை போனில் காட்டியபோது போஸ்ட்மேன் எட்டிப் பார்த்தார். “யாரும்மா இது, சீரியல் ஹீரோவா?”

“என் வீட்டுக்காரர்.”

டீச்சர் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு “ஓ” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். அந்த ‘ஓ’வில் அவளுக்குக் காதுமடல் எரிந்தது. எந்த மனிதனுக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பதும், அதனால்தான் ஒவ்வொரு கண்ணாடி ஃபிரேமையும் சூடுகாட்டி ஒரு பக்கம் வளைக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாததா? ‘ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அது முகமில்லீங்க, பொம்மை’ என்று கடையில் சொல்பவளே அவள்தானே.

இப்போது அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்தபடி ஆல்பத்தை இழுத்தாள். கல்யாணப் படத்தில், மாலைகளுக்கு நடுவில், அவர் நேராகச் சிரித்தார். மகளின் பள்ளி விழாவில் பின்வரிசையிலும் நேராக. அருவிக்கரையில், ஈரத் தலையோடு, இரண்டு புறமும் வகிடு. நோய்க்கு முன்னாலேயே அவர் சிரிப்பு ஒரு பக்கம் இழுக்கும். முதலில் இடப்பக்கம் ஏறும், வலப்பக்கம் யோசித்துவிட்டு மெதுவாகப் பின்னால் வரும். அதைப் பார்த்துத்தான் அவள் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு படத்திலும் இல்லை.

மகளை போனில் கூப்பிட்டாள்.

“அப்பா சிரிப்பு எப்படி இருக்கும், சொல்லு.”

“என்னம்மா திடீர்னு? அப்பா மாதிரிதான் இருக்கும்.”

“ஒரு பக்கமா இழுக்குமே.”

“இல்லையே. அப்பா சிரிச்சா நேராத்தான் இருக்கும்.”

“படுத்த பிறகு வாய் கோணினது?”

“அது சரியாயிடுச்சேம்மா, மறந்துட்டியா? கடைசியில நல்லாத்தானே இருந்தார்.” மகள் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. “சரி, முதல்ல அந்த டிவியைக் குறை. ஒண்ணுமே கேக்கல. ஏன் இப்படி அலறவிட்டிருக்கே?”

டிவி அணைந்திருந்தது. அவர் போனதிலிருந்து அதை அவள் போட்டதே இல்லை.

போனை வைத்தாள்.

டிவி விஷயம் யாருக்கும் தெரியாது. அவர் போவதற்கு மூன்று வாரம் முன்பு, அவரோடு வேலை பார்த்த நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்தார்கள். அவர் உள்ளறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். யாராவது தூக்கிவிடாமல் கட்டிலிலிருந்து அவரால் எழ முடியாது. அந்தத் தொங்கிய வாயோடு, வழியும் எச்சிலோடு, அவர்கள் முன்னால் அவரைக் கொண்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. “இப்பத்தான் தூங்கினார்” என்றாள். நண்பர்களின் குரல் கேட்டு அவர் உள்ளே இருந்து சத்தம் கொடுத்தார். வார்த்தை இல்லாத, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி கேட்டது. இன்னும் கூட்டினாள். அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, “எழுந்ததும் சொல்லுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அறைக்குள் போனபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யார் வந்தாலும், அவராகவே தலையை நகர்த்தி, வலப்பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழை இன்னும் விழவில்லை. காற்று நின்றிருந்தது. எங்கிருந்தோ இயந்திர எண்ணெய் வாசனை, அவர் வேலை முடித்து வரும்போது சட்டையோடு வீட்டுக்குள் நுழையும் அதே கனத்த, துருவேறிய வாசனை, உள் நடை வழியாகத் தவழ்ந்து வந்து மருந்துச் சீட்டுகளின் பழங்காகித வாசனைக்கு மேல் படிந்தது. அதற்குப் பின்னால் காலடிச் சத்தம்.

கடைசி மாதங்களில் அவர் நடந்தது அவளுக்கு மனப்பாடம். தடியும் இடக்காலும் ஊன்றும், வலக்கால் தரையில் இழுபடும். டக், சர்ர்ர். டக், சர்ர்ர். அந்தச் சத்தம் கேட்டாலே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அதுவாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினாள்.

டக். டக். டக். டக்.

சமமாக.

கூடத்துக்கு ஓடினாள். படத்தை நிமிர்ந்து பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மூலப்படம். பிசியோதெரபிஸ்ட் அனுப்பியது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவர். மற்றதெல்லாம் போனாலும் அந்த முகம் இருந்தால் போதும், இனி யார் வந்தாலும் அதைக் காட்டுவேன், வாசலில் மாட்டுவேன் என்று முணுமுணுத்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.

இருந்தது.

ஒரு பாக்கெட். ஒரு டெஸ்டர். தொங்கிய வலப்பக்கம். ஈரமான உதட்டோரம். திரையைக் கன்னத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டாள்.

“இங்க பாருங்க. நீங்க முழிச்சிட்டுத்தான் இருந்தீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

நடையில் காலடிகள் நின்றன.

போனை முகத்திலிருந்து எடுத்துப் பார்த்தாள். வலப்பக்க உதட்டோரம் அசைந்தது. மயிரிழை அளவு. பிறகு இன்னும் கொஞ்சம். பதினாலு மாதம், தினமும் காலையில், “எங்க சார், கொஞ்சம் தூக்குங்க” என்று கெஞ்சியும் ஏறாத உதடு. மெதுவாக. சீராக. ஏறியது.

“வேண்டாம்” என்றாள். “வேண்டாங்க. அப்படியே இருங்க.”

ஏறியது. கன்னம் இறுகியது. இமை தூக்கியது. இடப்பக்கத்தின் உயரத்துக்கு வந்ததும், நின்றது.

நேராகச் சிரித்தார்.

எண்ணெய் வாசனை பின்கழுத்தில். மூச்சில்லை. சூடில்லை. வாசனை மட்டும். அவள் திரும்பவில்லை. திரும்பினால் எந்த முகத்தைப் பார்ப்பாள் என்று தெரியும்.

நாற்காலியின் இரண்டு கைப்பிடிகள் மீதும், ஒரே நொடியில், ஒரே தூரத்தில், பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து படிந்தன. லிஃப்ட் கதவில் ஒருமுறை நசுங்கி, நடுவில் பிளந்து, கறுத்தே வளர்ந்த நகம் அவருக்கு இடது கட்டைவிரலில் மட்டும்தான் உண்டு.

இரண்டு கட்டைவிரல்களிலும் இருந்தது. இரண்டும் மெதுவாக, சமமாக, அவள் பக்கம் மடங்கின.