தொட்டிக்கு வந்த முதலாளி

கவுன் சரியாக இல்லை என்பதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

பள்ளிக்கூடம் போகத் தொடங்காத இரட்டைப் பெண்கள். பிறந்ததிலிருந்து ஒரே துணி, ஒரே அளவு என்று எடுத்தே பழகியவள் அவள். அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் மஞ்சள் கவுனை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், பெரியவளுக்கு அது முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, சின்னவளுக்குத் தோளிலிருந்து வழுக்கி விழுகிறது. போன மாதம் இருவருக்கும் அச்சாகப் பொருந்திய கவுன்.

"துவைச்சதுல சுருங்கியிருக்கும்" என்றான் கணவன்.

"ஒண்ணு சுருங்கும். இன்னொண்ணு எப்படிங்க விரியும்?"

"ஒருத்தி நல்லா சாப்பிடுறா, ஒருத்தி நோஞ்சான். இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சுக்கிறியே."

வேறொரு தாயாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இவளால் விட முடியவில்லை. காரணம் இவள் பார்த்த வேலை.

கடலை ஒட்டிய மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இவளுக்கு வேலை. பவளப்பாறை இடுக்கில் வாழும் களவா மீனைத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்ப்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. பொரித்த குஞ்சு கண்ணிமை முடி கனம்கூட இருக்காது. காற்றுக்குமிழி கொஞ்சம் வேகமாக மோதினாலே செத்து மிதக்கும். அதில் தப்பிப் பிழைத்தவை விரல் நீளம் வரும்போது அடுத்த கண்டம் காத்திருக்கும். ஒரு வயிற்று முட்டை, ஒரே தண்ணீர், ஒரே தீனி. இருந்தும் ஏதோ ஒன்று மட்டும் திடீரென்று பெருத்துவிடும். பெருத்தது, கூடப் பிறந்ததைத் தலையிலிருந்து விழுங்கும். பசியால் அல்ல. வாய்க்குள் அடங்குகிற அளவில் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

தொட்டி கழுவும் பெரியவர் அந்தப் பெருத்த குஞ்சுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார்.

"அம்மா, கடைசித் தொட்டிக்கு முதலாளி வந்துட்டாரு. வந்ததும் வராததுமா ஆள்குறைப்பு ஆரம்பிச்சாச்சு!" என்று சிரிப்பார். இவள் சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பெரியதைத் தனியே, சின்னதைத் தனியே பிரித்துப் போட வேண்டும். அதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

முதலாளி துரத்தாது. துடுப்பை அசைக்காமல் மிதந்தபடி, தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை மட்டும் உருட்டிப் பக்கத்தில் இருப்பதை அளக்கும். அடங்காது என்று தெரிந்தால் காத்திருக்கும். அளக்கப்படுகிற குஞ்சுக்கும் அது தெரிந்துபோகும். தொட்டிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். முதுகைக் காட்டாது.

சின்னவள் கொஞ்ச நாளாகச் சுவரோடு ஒட்டித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

சமையலறைக்கு வந்தாலும் சுவர் ஓரமாக, குளிக்கப் போனாலும் சுவர் ஓரமாக, அக்காவுக்கு முகத்தைக் காட்டியபடியே நகர்ந்தாள். அழவில்லை, புகார் சொல்லவில்லை. இவள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வளர்த்திம்மா. நீங்க மீனப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போயிட்டீங்க" என்று அவர் சிரித்தார். இவளும் சிரித்து வைத்தாள். எதைச் சொல்வாள்? யாரிடம் சொல்வாள்?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டில் ஈரத்துணி வாடையும், எத்தனை சோப்புப் போட்டும் இவள் கையை விட்டுப் போகாத மீன்தீனி வாடையும் கலந்து கிடந்தன. கூரைத் தண்ணீர் வாளியில் விழும் சத்தம், தொட்டிக்குள் காற்றுக் குழாய் கொப்பளிப்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகள் தூங்குகிறார்களா என்று இவள் அறைக்கதவைத் தள்ளினாள்.

சின்னவள் சுவர் மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் தூங்கவில்லை. தங்கைக்கு மேலே குனிந்து நின்றாள். கை இரண்டும் அசையவில்லை. தலை சாய்ந்திருந்தது.

"என்னடி தங்கம் பண்ற?"

பெரியவள் திரும்பவில்லை. கண் மட்டும் திரும்பியது. பிறகு வாயைத் திறந்தாள். கொட்டாவி இல்லை. சத்தமே இல்லை. திறந்தாள். இன்னும் திறந்தாள். மூடினாள்.

"இன்னும் கொஞ்சந்தாம்மா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் சின்னவளின் துணியை மூட்டை கட்டி, பேருந்து பிடித்து, தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பிரித்துவிட்டால் போதும்.

"புள்ளைய அனுப்பவே மாட்டேன்னு அடம்புடிப்ப. இப்ப என்னடி கரிசனம்?" என்று அக்கா கேலி செய்தாள். அவள் இடுப்பில், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த அவள் மகன் கால்களை உதைத்துச் சிரித்தான்.

"கொஞ்ச நாளைக்குக்கா. உன் கையால சாப்பிட்டாத் தேறிடுவா."

"விட்டுட்டுப் போ. என் பையனுக்கும் துணையாச்சு."

திரும்பி வந்த வீடு அமைதியாக இருந்தது. பெரியவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காகத் தூங்கினாள். இவளும் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள், பாவம்.

அதற்கடுத்த வாரம் நிலையத்தில் பெரியவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, நீங்க பிரிச்சுப்போட்ட பொடிசுங்க தொட்டி இருக்குல்ல? அங்க ஒரு புது முதலாளி. நேத்துவரைக்கும் நோஞ்சானா மூலையில கெடந்த பய!"

இவள் கையிலிருந்த சல்லடை நழுவியது.

இது இவளுக்குத் தெரியாததா? எத்தனை முறை பிரித்தாலும் பிரித்த இடத்தில் ஒன்று பெருத்துவிடும். புதுத் தொட்டியில் யார் சின்னது என்பதுதான் கணக்கு. வருடக்கணக்காகத் தன் கையால் செய்த வேலையில் கண்டதை, பெற்ற மகள் விஷயத்தில் மறந்துபோனாளே!

நிலையத்துத் தொலைபேசியில் அக்கா வீட்டு எண்ணை அழுத்தினாள். அக்காதான் எடுத்தாள்.

"அடியே, உன் பொண்ணு என்னமாத் தேறிட்டா தெரியுமா! நீ கட்டிக் குடுத்த துணி ஒண்ணும் பத்தல."

"அக்கா, பையன் எங்க?"

"அவகூடத்தான். அவன் இப்பல்லாம் தவழுறதே இல்லடி, மூலையிலயே உக்காந்திருக்கான். ஆனா இவ இருக்காளே, அவனை விட்டுக் கண்ண எடுக்க மாட்டா. நான் நிம்மதியா மாடியில துணி காயப்போட்டுட்டு வர்றேன்னா..."

"அக்கா, அவனைத் தூக்கு. இப்பவே. தூக்குக்கா!"

"சரி சரி, கத்தாத. லூசு." வைத்துவிட்டாள்.

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

ஓடினாள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போயிற்று. யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். யாரோ ஒரு கிழவி ஏறும்வரை ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். இவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறென்ன செய்வாள்?

அக்கா வீட்டு வாசல் திறந்திருந்தது. மாடியில் துணி உதறும் சத்தம். பட். பட். அக்கா ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

கூடம். ஆளில்லை.

உள்ளறை. திரை மூடியிருந்தது. வெயில் மங்கலாக. தரையில் பால் புட்டி. உருண்டு கிடந்தது. பால் சொட்டிக்கொண்டிருந்தது.

அறை நடுவில் சின்னவள். கால் நீட்டி. வயிற்றின்மேல் இரண்டு கையும் வைத்து.

தனியாக.

"பாப்பா... தம்பி எங்கடா?"

சின்னவள் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். தொண்டை மட்டும் மெல்ல, மெல்ல ஏறி இறங்கியது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அக்கா இறங்கி வந்துகொண்டே, குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

"என்னடா கண்ணு, தம்பி தூங்கிட்டானா?"

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்தபடியே, ஆமாம் என்று தலையாட்டினாள்.