பெப்பி கேட்ட கேள்வி

பத்து வயது மினாவுக்குக் கப்பலில் துணை பெப்பி மட்டும்தான். பெப்பி ஒரு துணிப் பொம்மை. எல்லையில் ஒரு நாஜி அதிகாரி நகை தேடி அதன் வயிற்றைக் கிழித்தான். பஞ்சுதான் வந்தது. மினாவே அதைக் கோணல்மாணலாகத் தைத்துவிட்டாள்.

நாஜிகளால் வியன்னாவில் யூதர்கள் வாழ வழியில்லாமல் போயிற்று. கிடைத்தது ஒரே ஒரு டிக்கெட். அப்பாவும் அம்மாவும் அவளை ஏற்றிவிட்டார்கள். ஷாங்காயில் சித்தப்பா இருக்கிறார். அங்கே போய்ச் சேர இன்னும் மூன்று வாரம் ஆகும்.

அன்று மாலை பஸ்கா பண்டிகை; எகிப்தில் அடிமைகளாக இருந்த யூத முன்னோர் விடுதலையான கதையைச் சொல்லும் நாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மினா மேசையின் கோடியில் தனியாக உட்கார்ந்தாள். பெப்பியை மடியில் இருத்திக்கொண்டாள்.

"நம்ம முன்னோருங்க இந்தச் செங்கடலை நடந்தே தாண்டினாங்க. நமக்குக் கப்பல்ல உட்கார்ந்தே குமட்டுது!" என்றார் பண்டிகையை நடத்திய சக பயணி ரோஸ்னர் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, இருக்கறதுலயே சின்னப் பிள்ளை யாரு? கேள்வி கேட்கணுமே!" என்றார் அவரே.

அந்தக் கேள்வி வந்தால்தான் பண்டிகைக் கதையே தொடங்கும். வீட்டில் ஒற்றைப் பிள்ளையான மினாதான் வருடா வருடம் கேட்பாள். அப்பா பதில் சொல்வார்.

இங்கே சின்னவன் ஐந்து வயது எமில். கப்பல் ஏறியதிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

"கேளுடா கண்ணா," என்று கெஞ்சினாள் அவன் அம்மா.

எமில் தலையைக் குனிந்துகொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"விடும்மா. மினா, நீயே கேட்டுடேன்," என்றார் மாமா.

மினாவுக்கு ஆசைதான். ஆனால் எமிலின் கண்ணில் நீர் தளும்பி நின்றது. அவள் எழுந்து அவனிடம் போனாள்.

"மாமா, எமில் ஒண்ணும் சின்னவன் இல்லை. பெப்பிக்கு ஒரு வயசுதான் ஆகுது. அவதான் கேட்கணும்."

"பொம்மை எப்படிம்மா பேசும்?"

"அவளுக்கு வெட்கம். எமில் காதுல மட்டும்தான் சொல்லுவா. அவன் நமக்குச் சொல்லட்டும்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெப்பியை அவன் மடியில் வைத்தாள். எமில் அதன் வயிற்றுத் தையலைத் தடவிப் பார்த்தான். பிறகு பொம்மையைக் காதோடு சேர்த்துப் பிடித்தான். வெகுநேரம் கேட்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பெப்பி கேட்கறா..." அவன் குரல் கரகரத்தது. "இன்னிக்கு ராத்திரி மட்டும் ஏன் எல்லாம் வேற மாதிரி இருக்கு?"

அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா கதையைத் தொடங்கினார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் அது அப்பாவின் குரல் இல்லையே! மினாவுக்கு வீட்டு ஞாபகம் பொங்கி வந்தது.

அப்போது எமில் அவள் சட்டைக் கையை இழுத்தான்.

"பெப்பி இன்னொன்னு கேட்கறா."

"என்னவாம்?"

"நாளைக்கும் நீ இங்கயே உட்காருவியான்னு."

மினா மூக்கை உறிஞ்சினாள். "உட்காருவேன்னு சொல்லிடு."

எமில் குனிந்து, பெப்பியின் காதில் அதை இரண்டு தடவை சொன்னான்.